இறுக்கமான லெதர் கிளவுஸைக் கைக்குப் பழக்க எந்த வழி நல்லது?

புதுச் செருப்பு காலைக் கடித்தால் நாலு நாள் பொறுத்துக்கொள்கிறோம். "போட்டுப் போட்டுத்தான் சரியாகும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், சரியாகியும் விடும். பைக் ஓட்டும்போது போடுகிற லெதர் கிளவுஸிடம் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை வருவதில்லை. இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, விரல் மரத்துப்போகிறது என்று கழற்றி சீட்டுக்கு அடியில் சொருகிவிட்டு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வெறுங்கையோடு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கீழே விழும்போது யாராக இருந்தாலும் முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். மணலும் ஜல்லியும் சிந்திக் கிடக்கும் இந்தச் சாலையில் உள்ளங்கைத் தோல் உரிந்தால் மாதக்கணக்கில் சோற்றைக்கூட ஒழுங்காகப் பிசைந்து சாப்பிட முடியாது. ஆகவே இறுக்கமாக இருக்கிறது என்பதற்காக நல்ல கிளவுஸைக் கைவிட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடலாம். எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு தினமும் பைக்கில் போய்வருகிறேன். இதுவரை மூன்று ஜோடி லெதர் கிளவுஸ் வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்றை நானே பாழாக்கினேன், ஒன்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தேன், ஒன்று இப்போது என் கையோடு கையாக இருக்கிறது. அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் எங்கே இறுக்கம் என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எந்த வழியில் இறங்கினாலும் வீண்தான். கிளவுஸைப் போட்டுக்கொண்டு, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக நன்றாக அழுத்தி உட்காரவையுங்கள். அப்புறம் வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில் பாரைப் பிடியுங்கள். நின்றபடி கையை விரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் தப்பாகப் போகும். கிளவுஸ் விரல்கள் லேசாக வளைந்தபடியே தைக்கப்பட்டிருக்கும், விரித்தால் இறுக்கத்தான் செய்யும். ஹேண்டிலைப் பிடித்த நிலையில் உள்ளங்கையின் குறுக்கே இறுக்குகிறதா, விரல்களைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் பிடிக்கிறதா, விரல் நுனி போய் முட்டுகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதல் இரண்டும் அகலத்தில் வரும் இறுக்கம், மூன்றாவது நீளத்தில் வருவது. கிளவுஸுக்குத் தோல் வெட்டும்போதே அது அதிகம் நீண்டுகொடுக்கும் திசை கையின் குறுக்கே வரும்படி வைத்துத்தான் வெட்டுவது வழக்கம். அதனால் அகலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும், நீளத்தில் அனேகமாகக் கொடுக்கவே கொடுக்காது. விரல் நுனி முட்டினால் மற்ற எந்த வழியையும் யோசிக்காமல் அளவை மாற்றுங்கள். நான் திருப்பிக் கொடுத்த ஜோடி அப்படிப்பட்டது. வீட்டிலேயே பழக்கிவிடலாம் என்று ஒரு வாரம் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை முன் பிரேக்கைப் பிடிக்கும்போதும் நடுவிரல் நகத்தின் மேல் தையல் அழுத்தியது. ஒரு வாரம் கழித்தும் ஒரு நூலளவுகூட மாறவில்லை.

மாற்றிக்கொள்வது என்பது கேட்க எளிதாகத் தோன்றும், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வண்டியில் போட்டு ஓட்டிய பிறகோ, வியர்வையோ தண்ணீரோ பட்ட பிறகோ எந்தக் கடைக்காரரும் திருப்பி வாங்க மாட்டார். அதனால் அட்டை கழற்றாத அன்றைக்கே, வீட்டுக்குள், ஃபேனுக்கு அடியில், உலர்ந்த கையோடு இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரே எம் அளவு ஒரு கம்பெனியில் ஒரு மாதிரியும் இன்னொரு கம்பெனியில் வேறு மாதிரியும் இருக்கும். டெய்லர் டேப்பால் கட்டைவிரலை விட்டுவிட்டு விரல் முட்டிகளைச் சுற்றி அளந்து, அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது கை கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். அந்தக் கையை அளக்க வேண்டும். மோதிரம் போடுகிறவர்கள் கழற்றிவிட்டு அளப்பது நல்லது, ஓட்டும்போதும் கழற்றிவிடுவது இன்னும் நல்லது.

சரி, இறுக்கம் அகலத்தில்தான், விரல் நுனி முட்டவில்லை என்றால் மீதமுள்ள வழிகளைப் பார்ப்போம்.

சும்மா போட்டுப் பழக்குவது ஒரு வழி. இதற்குச் செலவு இல்லை, ஆபத்து இல்லை, நாள்தான் ஆகும். சென்னையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு. நம் காற்றில் எப்போதும் ஈரப்பதம் இருக்கிறது, கையும் எப்போதும் வியர்க்கிறது. தோல் இளகிக்கொடுக்க வேண்டுமானால் அதன் நார்களுக்குள் கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் சூடும் போக வேண்டும். குளிர்ப்பிரதேசத்துக்காரர்கள் தண்ணீர் வைத்துச் செய்கிற வேலையில் பாதியை, வைகாசி மாதத்தில் தங்கசாலையிலிருந்து தண்டையார்பேட்டை வரும் ஒரு பயணமே நமக்குச் செய்து கொடுத்துவிடுகிறது.

ஆனால் நேராகச் சாலையில் பழக்க ஆரம்பிக்காதீர்கள். முதல் மூன்று நாலு நாள் வீட்டிலேயே, டிவி பார்க்கும்போது அரை அரை மணி நேரம் போட்டுக்கொண்டு முஷ்டியை மூடித் திறங்கள். துணி பிழிவதுபோல் துண்டைப் பிடித்து முறுக்குங்கள். பிறகு தெருவுக்குள், கடைக்குப் போகிற தூரத்துக்கு ஓட்டுங்கள். அதற்கு அப்புறம் பெரிய சாலை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது என்னிடம் உள்ள ஜோடியை வாங்கிய மறுநாளே வேலைக்குப் போட்டுப் போனேன். எர்ணாவூர் பக்கம் வருவதற்குள் வலது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிட்டன. முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைத்தபோது பிரேக் லிவரில் என் விரல் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. பிடித்தேன், வண்டியும் நின்றது. ஆனால் அந்த ஒரு நொடி இன்னும் என் மனதில் இருக்கிறது. மரத்துப்போன விரலோடு ஓட்டுவது வெறுங்கையோடு ஓட்டுவதைவிட மோசம். விரல் மரத்துப்போனால் ஓரம் கட்டிக் கழற்றிவிடுங்கள்.

இந்த வழியில் மெல்லிய ஆட்டுத்தோல் கிளவுஸ் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் வழிக்கு வரும். தடித்த மாட்டுத்தோலுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். தினமும் ஓட்டுகிறவருக்கு இது போதும் என்பதே என் தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவருக்குப் பொறுமை தீர்ந்துவிடும். அவருக்கு அடுத்த வழி.

அதுதான் ஈரப்படுத்திப் பழக்குவது. ஒழுங்காகச் செய்தால் இதுதான் வேகமான வழி, தப்பாகச் செய்தால் கிளவுஸே போய்விடும். ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முழுக்க லெதராக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். மழைநீர் புகாத சவ்வு உள்ளே வைத்துத் தைத்த கிளவுஸில் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது, நாற்றம்தான் மிஞ்சும். அந்தச் சவ்வு நீண்டும் கொடுக்காது. உள்ளங்கையில் ஸ்வேட், அதாவது வெல்வெட்போலப் பூஞ்சையான மேற்பரப்புள்ள தோல், வைத்தவற்றுக்கும் வேண்டாம். மற்றபடி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒரு துளிச் சூடும் வேண்டாம். முழுதாக முக்க வேண்டிய அவசியம் இல்லை. கிளவுஸைப் போட்டுக்கொண்டு, ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, எங்கே இறுக்குகிறதோ அங்கே மட்டும் ஒற்றி ஒற்றி ஊறவிடுங்கள். விரல்களின் பக்கவாட்டு, முட்டிகளின் இரு புறம், உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரம் இவை போதும். மணிக்கட்டுப் பட்டையில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த இடம் தளரவே கூடாது.

தோல் நனைந்ததும் நிறம் கறுத்து, தொட்டால் பதமாக, ஊறவைத்த புளியங்கொட்டைத் தோல்போல வழவழப்பாகத் தெரியும். அப்போது நிறுத்திவைத்த வண்டியில் போய் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடியுங்கள். கிளட்சை அழுத்துங்கள், விடுங்கள். பிரேக்கைப் பிடியுங்கள், விடுங்கள். ஆக்சிலரேட்டர் திருகுகிற அசைவைச் செய்யுங்கள். முக்கால் மணி நேரம் இப்படி. தோல் இப்போது உங்கள் கையின் மடிப்புகளை அப்படியே வாங்கிக்கொள்ளும். காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே நின்றுவிடும் என்பதுதான் இந்த வழியின் சூட்சுமம். கழற்றிப் போட்டுக் காயவிட்டால் சுருங்கி முன்பைவிட இறுகிவிடும். பாதி ஈரம் போகும்வரை கையிலேயே இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை போட்டு, ஐந்து நிமிடம் மூடித் திறந்து கழற்றுங்கள்.

கழற்றுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. ஈரக்கையோடு மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவினால் உள்லைனிங் விரலோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அப்புறம் அதைத் திரும்ப விரலுக்குள் தள்ளி உட்காரவைப்பது பெரிய பாடு, சில கிளவுஸில் நடக்கவே நடக்காது. ஒவ்வொரு விரலின் நுனியையும் மறு கையால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தையும் சுற்றிச் சுற்றி இழுத்து, எல்லாம் தளர்ந்த பிறகு மொத்தமாக எடுங்கள். கறுப்பு கிளவுஸ் என்றால் கையில் சாயம் ஒட்டும், இரண்டு மூன்று குளியலில் போய்விடும்.

நிழலில், ஃபேன் காற்றில், விரல்கள் மேலே பார்க்கும்படி நிறுத்திக் காயவிடுங்கள். கடற்கரை ஓரத்தில் இருக்கிற நமக்கு முழுக்கக் காய இரண்டு நாள்கூட ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். காய்வதற்குள் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். மாசியிலிருந்து ஆனி வரை நல்ல காலம்.

ஒரு முறை செய்தால் போதும். ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் தோல் தன்னிடமுள்ள எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் இழக்கிறது. இரண்டாம் முறை அவசியம் என்று தோன்றினால், அளவே தப்போ என்று யோசிக்க வேண்டும்.

எல்லா விரலும் சரியாக இருந்து ஒரே ஒரு விரல் மட்டும் பிடிப்பவர்கள் முழு கிளவுஸையும் நனைக்கத் தேவையில்லை. எனக்குக் கடைசிவரை வலது சுண்டுவிரல் மட்டும் அடங்கவில்லை. பெரியமேட்டில் தோல் பை, பெல்ட் தைக்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

"பாய், சின்ன விரல் மட்டும் பிடிக்குது, இதைக் கொஞ்சம் பெருசு பண்ண முடியுமா?"

"கையைக் காட்டு தம்பி." என் விரலையும் கிளவுஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "தைச்சது உள்தையல். அந்தத் தையல்தான் குத்துது, தோலு இல்ல. பிரிச்சுத் தைக்கச் சொல்லாத, போயிடும். கட்டை வெச்சுத் தரேன்."

ஈரத்துணியால் விரலை மட்டும் துடைத்து, என் விரலைவிடக் கொஞ்சம் தடித்த, முனை மழுக்கிய ஒரு உருட்டுக்கட்டையை உள்ளே நுழைத்தார். தையல் ஓடும் கோட்டின் மேல் ஒரு மரச்சுத்தியின் பக்கவாட்டால் மெதுவாகத் தட்டினார். அடிக்கவில்லை, தட்டினார். உள்ளே மேடாக நின்ற தையல் ஓரம் படுத்துவிட்டது. கட்டையை ஒரு ராத்திரி அப்படியே விட்டு மறுநாள் எடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த விரல் மரக்கவில்லை.

வீட்டிலும் இதைச் செய்யலாம். மரக்கரண்டியின் காம்பு போதும். காம்பின் முனை வழவழப்பாக இருக்க வேண்டும், விரலைவிட ஒரு சுற்றுதான் தடிமனாக இருக்கலாம். தோலை இழுக்கிற ஆசையில் தடித்த கட்டையைத் திணித்தால் தோல் கிழியாது, தையல் பிரியும். கிளவுஸில் உயிர் இருப்பதே தையலில்தான். ஊரில் தோல் வேலை தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது, சந்தேகம் வந்தால் சிடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் ஒரு நடை போய்க் கேட்டுவிடுவதே மேல்.

எண்ணெய் தடவிப் பழக்கலாமா என்றுதான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய் எல்லார் வீட்டிலும் இருப்பதால் கை அதை நோக்கித்தான் போகும். வேண்டாம். எண்ணெய் தோலை இளக்குவது உண்மைதான், ஆனால் இளகிய தோல் வேறு, கைக்குப் பழகிய தோல் வேறு. எண்ணெய் குடித்த தோல் எல்லாத் திசையிலும் தொளதொளவென்று தளர்கிறது, தூசியை ஈர்க்கிறது, கிரிப்பின் மேல் வழுக்குகிறது. நம் சாலையில் நிலக்கரித் தூசும் உப்புக்காற்றும் உண்டு, அதெல்லாம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். மாட்டுக் குளம்பு எண்ணெய் வேலை செய்யும், ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் இதே கதைதான். ஷூ பாலிஷ் மேலே பளபளப்புத்தான் கொடுக்கும், உள்ளே எதுவும் போகாது, லிவரெல்லாம் கறுப்பாகும்.

லெதருக்கென்று விற்கிற கண்டிஷனர் க்ரீம் நல்லது. ஆனால் அதைப் பழக்கும் வழியாக நினைக்காதீர்கள், பழக்கிய பிறகு செய்கிற பராமரிப்பு அது. ஈரப்படுத்திக் காயவைத்த மறுநாள், சுண்டைக்காய் அளவு க்ரீமைத் துணியில் எடுத்து வெளிப்பக்கம் மட்டும் தேய்த்து, மீதியைத் துடைத்துவிட்டால் இழந்த பசை திரும்பி வரும். உள்ளங்கைப் பக்கம் மிகக் கொஞ்சமாக.

சூடு காட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நான் பாழாக்கிய ஜோடி அப்படித்தான் போனது. மழையில் நனைந்த கிளவுஸைச் சித்திரை வெயிலில் மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தால் காய்ந்த கருவாடுபோல விறைத்திருந்தது. விரலை மடக்கினால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. அடுத்த வாரம் அந்தக் கோடுகளே வெடிப்பாயின. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் கொதிக்கிற தண்ணீரைக்கூட ஏறக்குறையத் தாங்கும் என்பதால் சிலர் வெயில் என்ன செய்யும் என்கிறார்கள். பிரச்சினை அங்கே இல்லை. பதனிடும் வேலையின் கடைசியில் தோலுக்கு எண்ணெய் ஊட்டுவார்கள். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி நகர்வதற்காக ஊட்டுவது அது. ஈரத்தோல் வேகமாகக் காயும்போது நார்கள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன, பிறகு மடக்கினால் நகராமல் உடைகின்றன. ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம், இன்ஜின் மேல் வைப்பது எல்லாம் இதே கணக்குத்தான். போதாததற்கு உள்ளே இருக்கிற பசையும் முட்டிக்காப்பின் அடியில் உள்ள ஃபோமும் கெடும். தண்ணீர்ப் பை போட்டு ஃப்ரீசரில் வைக்கிற வித்தையையும் சிலர் சொல்வார்கள். ஷூவுக்கு ஒரு வேளை ஒத்துவரலாம். ஐந்து விரல், இருபது தையல் உள்ள கிளவுஸில் பனிக்கட்டி எந்தப் பக்கம் தள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்த வழியில் போனாலும் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். பைக் கிளவுஸுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 13594-இல், பட்டையைக் கட்டிய பிறகு இழுத்தால் கிளவுஸ் கையிலிருந்து கழன்று வருகிறதா என்று பார்க்கிற சோதனை தனியாகவே உண்டு. விழுந்து சறுக்கும்போது கழன்று போகிற கிளவுஸால் ஒரு பயனும் இல்லை. அதனால் இறுக்கம் முழுக்கப் போக வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். விரல் முட்டிக்காப்பு முட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கவாட்டில் நகரக்கூடாது. பட்டையைக் கட்டிவிட்டு மறு கையால் விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்தால் அளவு மீறித் தளர்த்திவிட்டீர்கள், அதைத் திரும்ப இறுக்க வழி இல்லை.

ஆக, மெல்லிய ஆட்டுத்தோல், தினசரி ஓட்டம் என்றால் போட்டே பழக்குங்கள். தடித்த மாட்டுத்தோல், எப்போதாவது ஓட்டம் என்றால் ஒரு முறை ஈரத்துணி. ஒரு விரல் மட்டும் பிரச்சினை என்றால் கட்டை. பாதி லெதர் பாதி துணி என்றால் லெதர் பாகம் மட்டும்தான் மாறும், துணிப் பாகம் இன்று எப்படிப் பிடிக்கிறதோ கடைசிவரை அப்படியேதான் பிடிக்கும். அது இறுக்கினால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவொற்றியூர்ப் பக்கம் இன்னும் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிளட்ச் கனமானது, இடது உள்ளங்கையில் கட்டைவிரல் அடிப்பக்கத் தையல் மற்ற வண்டிகளைவிட அதிகம் அழுத்தும். அந்த இடத்துக்கு ஈரத்துணி முறையில் கூடுதலாகக் கால் மணி நேரம் கொடுங்கள்.

என் கிளவுஸ் பழகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது ஒரு சாயங்காலம், காசிமேடு திரும்புகிற இடத்தில். பின்னால் ஒரு மீன் வண்டி நெருக்கிக்கொண்டு வந்தது. நான் குனிந்து பார்க்காமலேயே கட்டைவிரலால் இண்டிகேட்டரைத் தள்ளி, திரும்பி முடித்ததும் அதே விரலால் நடுவில் அழுத்தி அணைத்திருந்தேன். கிளவுஸ் போட்டிருக்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.